பிள்ளைகள் இருவர், அறை ஒன்று: பங்க் பெட்டா, இழுப்புக் கட்டிலா, தரைப் படுக்கையா?

போன மாதம் சென்னையிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, பசங்க ரூமுக்கு பங்க் பெட் வாங்கலாம்னு இருக்கோம். மரத்துல வாங்கவா, இரும்புல வாங்கவா?" மூத்தவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4. வாடகை வீடு. பிள்ளைகளுக்கென ஒதுக்கிய அறை 10 அடிக்கு 10 அடி. அதிலேயே ஒரு பீரோ, ஒரு படிக்கிற மேசை. இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது, அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில் அடுக்கிய பங்க் பெட் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"ஃபேன் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நடுவுலதான். ஏன்?"

அந்த "ஏன்" என்பதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடைக்குப் போனால் மரத்தின் உறுதியைச் சொல்வார்கள், படிக்கட்டுக்குள் இருக்கும் இழுப்பறைகளைத் திறந்து காட்டுவார்கள். மேலே சுற்றும் ஃபேனைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் பேச்சு வரும். நாம் பார்த்து ஆசைப்படும் பங்க் பெட் படங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டு அறைகள். அங்கே சீலிங்கில் விளக்கு மட்டும்தான் இருக்கும். நம் ஊரில் ஃபேன் இல்லாத படுக்கையறை எங்கே இருக்கிறது?

மரமா இரும்பா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பங்க் பெட் வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு மாற்றாக மூன்று வழிகள் இருக்கின்றன: ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொன்றை இழுத்துக்கொள்ளும் இழுப்புக் கட்டில், இரண்டு தனிக் கட்டில்கள், தரையில் மெத்தை. நான்கையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்துப் பார்ப்பது

வயது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பங்க் பெட்டுக்கு 1999 டிசம்பரில் விதிகள் கொண்டுவந்தது. 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை மேல் கட்டிலில் விடக்கூடாது என்ற எச்சரிக்கையைக் கட்டிலிலேயே ஒட்டவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐரோப்பியத் தரமும் 6 வயது என்றுதான் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் இன்னும் கறார்: 9 வயதுக்குக் கீழ் மேல் கட்டில் வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2005 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு குழு, ஆண்டுக்குச் சுமார் 36,000 சிறுவர்களும் இளைஞர்களும் பங்க் பெட்டால் அடிபட்டு வந்தார்கள் என்று கண்டது. அவர்களில் பாதிப் பேர் 6 வயதுக்குக் கீழே. பத்தில் ஏழு பேருக்கு மேல் விழுந்து அடிபட்டவர்கள்.

இதில் பெற்றோர் தவறவிடும் ஓர் இடம் உண்டு. "மேலே பெரியவள்தானே படுக்கப் போகிறாள், அவளுக்கு 7 ஆகிவிட்டதே" என்று கணக்குப் போடுகிறார்கள். இரவுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் மாலை நான்கு மணிக்கு, அம்மா அடுக்களையில் இருக்கும்போது, அக்கா ஏறுகிற இடத்துக்கு நாலு வயதுத் தம்பி ஏறாமல் இருப்பானா? ஆக, பார்க்க வேண்டியது அந்த அறைக்குள் வந்து போகும் பிள்ளைகளிலேயே சின்னதின் வயதை.

ஃபேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பென்சிலும் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீட்டில் சீலிங் உயரம் ஒன்பதரை அடி. ஃபேன் றெக்கை தரையிலிருந்து எட்டேகால் அடியில் சுற்றுகிறது. அவள் பார்த்துவைத்த பங்க் பெட்டில் மேல் மெத்தையின் மட்டம் 5 அடி 1 அங்குலம். சுவரில் அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். பிறகு மகளின் உயரத்தை, 3 அடி 11 அங்குலம், அதற்கு மேல் கூட்டி இன்னொரு கோடு. இரண்டாவது கோட்டுக்கு ஸ்டூல் தேவைப்பட்டது. சரியாக 9 அடி. அதாவது அந்தப் பெண் மேல் கட்டிலில் எழுந்து நின்றால் அவள் தலை றெக்கையை விட முக்கால் அடி உயரத்தில் இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்து கையைத் தூக்கினாலே றெக்கை மட்டத்தைத் தாண்டிவிடும். போர்வையை உதறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உயரம் அப்படியென்றால், பக்கவாட்டில்? வீட்டு ஃபேன் பெரும்பாலும் 1200 மில்லிமீட்டர், 48 அங்குலம். நடுவிலிருந்து றெக்கை நுனி வரை 2 அடி. 10 அடி அறையின் நடுவில் மாட்டினால் நுனிக்கும் சுவருக்கும் இடையே 3 அடிதான். 36 அங்குல மெத்தை கொண்ட கட்டிலின் வெளி அகலம் சட்டத்தோடு சேர்த்து 3 அடி 3 அங்குலம் வரும். கட்டிலின் விளிம்பு றெக்கைக்கு அடியில் 3 அங்குலம் நுழைந்தே நிற்கும்! 12 அடி அறை என்றாலும் கிடைக்கும் இடைவெளி 9 அங்குலம். 7 வயதுப் பிள்ளையின் கை அதைவிட நீளம். சின்ன ஃபேன் மாட்டிப் பார்க்கலாமென்றால், 10 அடி அறையில் 600 மில்லிமீட்டர் ஃபேனுக்கும் அதே 9 அங்குலம்தான். அறையின் மூலையில் கட்டிலை ஒதுக்கினால் தலைமாட்டுப் பகுதி தப்பிக்கும், கால்மாட்டுப் பகுதி ஃபேன் பக்கம் வரும். பிள்ளை கட்டில் முழுக்க உருளும் என்பதால் அதுவும் உதவாது.

நம் பிள்ளைகளுக்கு அப்பர் பெர்த் புதிதில்லை. ரயிலில் ஏறியதும் மேலே யார் என்றுதான் சண்டை. அதே ஆசைதான் வீட்டில் பங்க் பெட்டாக வருகிறது. ஆனால் ரயில் பெட்டியின் ஃபேனைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். வீட்டு ஃபேனுக்குக் கூண்டு கிடையாது.

ஆகவே விதி இதுதான்: பங்க் பெட் வரும் அறையில் சீலிங் ஃபேன் இருக்கக் கூடாது, அல்லது மேல் கட்டிலின் எந்த மூலையில் நின்று கையையும் போர்வையையும் வீசினாலும் எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும். 10 அடி, 11 அடி அறைகளில் இரண்டாவது நடக்காது. ஃபேனைக் கழற்றிவிட்டு எதிர்ச் சுவரில் கூண்டோடு கூடிய சுவர் ஃபேன் மாட்டவேண்டும். "அவ மேல இருக்கும்போது ஃபேன் போட மாட்டோம்" என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. மே மாதத்தில், தூக்கக் கலக்கத்தில், யாரோ ஒருவர் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள்.

இரவு. தூக்கத்தில் எழுந்து பாத்ரூம் போகிற பிள்ளையா? படுக்கை நனைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதா? தூக்கத்தில் நடக்குமா? வலிப்பு வந்த வரலாறு உண்டா? கடைசி இரண்டில் எது இருந்தாலும் வயது எத்தனையானாலும் மேல் கட்டில் வேண்டாம்.

இவை தவிர, பகலில் தரை எவ்வளவு மிஞ்சுகிறது, வீடு மாறும்போது கட்டில் என்ன ஆகும், கட்டிலோடு சேர்ந்து வரும் மற்ற செலவு என்ன என்பவை.

## நான்கையும் ஒரு பார்வையில்

| | பங்க் பெட் | இழுப்புக் கட்டில் | இரண்டு தனிக் கட்டில் | தரையில் மெத்தை |
|---|---|---|---|---|
| பகலில் அடைக்கும் இடம் | சுமார் 21 சதுர அடி | சுமார் 21 சதுர அடி | சுமார் 42 சதுர அடி | மடித்தால் ஒரு மூலை |
| இரவில் அடைக்கும் இடம் | 21 | சுமார் 40 | 42 | சுமார் 38 |
| விழுந்தால் எவ்வளவு உயரம் | 5 அடி | ஒன்றரை அடி, உள் கட்டிலில் அரை அடி | ஒன்றரை அடி | மெத்தைக் கனம் மட்டும் |
| சின்னப் பிள்ளைக்கு | கீழே மட்டும் | பொருந்தும் | பொருந்தும் | மிகப் பொருந்தும் |
| சீலிங் ஃபேன் | மாற்றியாக வேண்டும் | இருந்தபடியே | இருந்தபடியே | இருந்தபடியே |
| தினசரி வேலை | மேல் விரிப்பு மாற்றுவது | இழுப்பது, தள்ளுவது | ஏதுமில்லை | விரிப்பது, சுருட்டுவது |
| வீடு மாறும்போது | கழற்றி மாட்டணும் | எளிது | மிக எளிது | சுருட்டி எடுக்கலாம் |
| மறைந்த செலவு | ஃபேன் வேலை, இரண்டு மெல்லிய மெத்தை | மெல்லிய மெத்தை, சக்கரம் | அறையின் இடம் | ஈரம், பூச்சி |

## பங்க் பெட்

இடத்தை மிச்சப்படுத்துவதில் இதற்கு இணை இல்லை. இரண்டு பேர் படுக்க ஒரு கட்டிலின் தரைதான் போகிறது. பிள்ளைகளுக்கும் தனக்கென ஓர் உயரம், ஒரு மூலை கிடைத்த மகிழ்ச்சி. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்குத் தனியே உட்கார்ந்து படிக்க ஓர் இடம் என்பது பெரிய விஷயம்.

ஆனால் வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. ஃபேனைக் கழற்றி சுவர் ஃபேனுக்கு ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியன் வரவேண்டும். வாடகை வீடென்றால் சுவரைத் துளைக்க வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடென்றால் இன்னொரு தொல்லை: பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவில் சூட்டை இறக்கும், மேல் கட்டில் அந்தத் தளத்துக்கு நாலரை அடி கீழே. ஏசி இல்லாமல் மேலே படுக்கும் பிள்ளை வெந்து போகும். ஏசி இருந்தாலும் கரண்ட் போகிற ஊரென்றால் சுவர் ஃபேனை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாக்களுக்கு மட்டுமே தெரியும் செலவு ஒன்று உண்டு. மேல் மெத்தைக்கு விரிப்பு போடுவது. ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அந்தப் பக்க மூலையை எட்டிச் செருகி, இடுப்பு பிடித்துக்கொள்ளும். காய்ச்சல் வந்த இரவில் மேலே இருக்கும் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட நீங்கள் ஏணியில் நின்றுகொண்டே இருக்க முடியாது. அந்த நாட்களில் அவளைக் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும், அப்போது தம்பி எங்கே படுப்பான் என்பதையும் யோசித்து வையுங்கள்.

வாங்குவதென்றே முடிவானால், கடையில் இவற்றை அளக்காமல் பணம் கட்டாதீர்கள்.

*தடுப்புக் கம்பி.* மேல் கட்டிலின் இரண்டு நீளப் பக்கமும் தடுப்பு இருக்கவேண்டும், சுவர்ப் பக்கமும் சேர்த்து. சுவர்தான் இருக்கிறதே என்று ஒரு பக்கம் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நழுவிச் சிக்கிக்கொள்வது நடந்திருக்கிறது. தடுப்பின் உயரத்தை மெத்தை போட்ட பிறகு அளக்கவேண்டும். மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் என்பது அமெரிக்க விதி, ஐரோப்பியத் தரம் 16 சென்டிமீட்டர், அதாவது ஆறே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். நான் பெரியதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பலகையிலிருந்து 10 அங்குலம் தடுப்பு இருக்கிறது என்று வையுங்கள். 4 அங்குல மெத்தை போட்டால் 6 மிஞ்சும். பிள்ளைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று 8 அங்குல ஸ்பிரிங் மெத்தை போட்டால் மிஞ்சுவது 2 அங்குலம், அது தடுப்பே இல்லாத மாதிரி. இலவம் பஞ்சு மெத்தை போடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: வெயிலில் காயவைத்த அன்று அது உப்பி நிற்கும். அந்த உயரத்தை வைத்து அளங்கள்.

*இடுக்குகள்.* மேல் கட்டிலின் தடுப்புக் கம்பிகளுக்கு இடையே, தடுப்புக்கும் மெத்தைப் பலகைக்கும் இடையே உள்ள திறப்பு மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. காரணம் கொடுமையானது. சின்னப் பிள்ளையின் உடல் நுழைகிற இடுக்கில் தலை நுழையாது. கால் முதலில் நழுவி, தலை மாட்டிக்கொள்ளும். ஒரு அட்டையை 9 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். எந்த இடுக்கிலாவது அது நேராக நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம்.

*சுவர் ஒட்டுதல்.* வீட்டில் போட்ட பிறகும் சுவருக்கும் மேல் தடுப்புக்கும் இடையே ஏழரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஜன்னல் திண்டு, கர்ட்டன் பைப், சுவிட்ச் பாக்ஸ் இவற்றில் ஏதோ ஒன்று இடித்து, கட்டில் நாலைந்து அங்குலம் தள்ளி நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த நாலைந்து அங்குலம்தான் ஆபத்தான அளவு.

*மேல் பலகை.* கீழே படுக்கும் பிள்ளை இரண்டு காலையும் தூக்கி மேல் பலகையை உதைக்கும். எல்லாப் பிள்ளைகளும் செய்யும். பலகை சும்மா சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தால் ஒரு நாள் அது விலகிக் கீழே வரும், மேலே இருப்பவரோடு. பலகையோ, குறுக்கே வைத்த ரீப்பர் சட்டங்களோ திருகாணி போட்டு முடுக்கியிருக்கவேண்டும். கடையில் கீழே படுத்து நீங்களே இரண்டு கையாலும் மேலே தள்ளிப் பாருங்கள்.

*ஏணியா, படிக்கட்டா?* இதில் எனக்கு நீண்ட காலம் குழப்பம் இருந்தது. இழுப்பறை வைத்த படிக்கட்டு தூக்கக் கலக்கத்தில் இறங்க நல்லது, கால் முழுதாக வைக்கலாம். செங்குத்தான ஏணியில் உருண்டைக் கம்பி பாதத்தை அழுத்தும், வழுக்கும். ஆனால் படிக்கட்டு எப்போதும் அங்கேயே இருக்கும், தவழும் குழந்தைக்குக் கூட அழைப்பு வைத்தபடி. ஏணி என்றால் பகலில் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடலாம். வீட்டில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் கழற்றக்கூடிய ஏணி, எல்லோரும் பெரியவர்கள் என்றால் படிக்கட்டு. ஏணிக்கு மேலே கொக்கியும் கீழே ரப்பர் குப்பியும் கட்டாயம், வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கொக்கி இல்லாத ஏணி சறுக்கிக்கொண்டே போகும்.

அப்புறம், அறையின் மற்ற பொருட்கள். பரணுக்கு அடியில் போடாதீர்கள்: எழுந்ததும் தலை இடிக்கும், பரண் மேல் இருக்கும் அண்டாவும் பெட்டியும் எட்டும் தூரத்தில் வரும். கிரில் இல்லாத ஸ்லைடிங் ஜன்னல் பக்கம் கூடவே கூடாது. புது அடுக்ககங்களில் அழகுக்காக கிரில் போடாமல் விடுகிறார்கள், மேல் கட்டிலிலிருந்து அது ஒரு வாசல் மாதிரி.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பங்க் கட்டில்களுக்கென்றே ஐ.எஸ். 17636 என்ற தரத்தை 2022-ல் வெளியிட்டது. ரெடிமேடாக வாங்குகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது இதுவே சரி: இரண்டு பிள்ளைகளும் 6 வயதைத் தாண்டி, மேலே படுப்பவர் 8 அல்லது 9-ஐ எட்டி, சொந்த வீடாக இருந்து, ஃபேனை மாற்ற வழியும் இருந்தால். அந்த வீட்டுக்கு இதைவிட நல்ல கட்டில் இல்லை.

## இழுப்புக் கட்டில்

பகலில் ஒரு கட்டில், இரவில் இரண்டு. உள் கட்டில் சக்கரத்தில் வெளியே வரும். மேலே இருப்பவர் உருண்டால் பெரும்பாலும் கீழே இருக்கும் மெத்தையில்தான் விழுவார், அதுவும் ஓர் அடிக்குள். அதனால்தான் இரண்டு பேருமே சின்னவர்களாக இருக்கும் வீட்டுக்கு இதை முதலில் சொல்கிறேன்.

இடம் இருக்கிறதா என்று நியூஸ்பேப்பர் போட்டுப் பாருங்கள். தங்கை அப்படித்தான் செய்தாள். தாள்களை டேப் போட்டு ஒட்டி, கட்டில் அளவுக்குத் தரையில் விரித்து, உள் கட்டிலையும் இழுத்த நிலையில் விரித்தாள். கட்டில் 3 அடி 3 அங்குலம், இழுத்தது இன்னொரு 3 அடி. 10 அடியில் மிச்சம் 3 அடி 9 அங்குலம். எதிர்ச் சுவரில் பீரோ 20 அங்குல ஆழம். நடுவில் இரண்டடிக்குச் சற்று மேலாக ஒரு வழி கிடைத்தது. சின்னவன் அந்தத் தாளின் மேலேயே படுத்து, இது என் இடம் என்று சொல்லிவிட்டான். மேசையைத்தான் ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது.

மறைந்திருக்கும் குறைகள்: உள் கட்டிலுக்கு 4 அல்லது 5 அங்குலத்துக்கு மேல் கனமான மெத்தை போட்டால் உள்ளே போகாது. பகலெல்லாம் அடியில் மூடியே இருப்பதால் காற்றோட்டம் இல்லாமல், மழைக்காலத்தில் மெத்தையில் ஒரு முடை வாசம் வரும். காலையில் எழுந்ததும் உள்ளே தள்ளாமல் அரை மணி நேரம் விட்டுவைப்பதும், வாரம் ஒருமுறை மெத்தையை நிமிர்த்தி வைப்பதும் போதும். மலிவான பிளாஸ்டிக் சக்கரம் ஒரு வருடம் தாங்காது, தச்சரிடம் ரப்பர் சுற்றிய, பிரேக் வைத்த சக்கரம் கேளுங்கள். தள்ளும்போது தம்பி விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை மூத்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும்.

பெரிய குறை சோம்பல். பல வீடுகளில் ஆறு மாதத்தில் உள் கட்டில் நிரந்தரமாக வெளியே நிற்கத் தொடங்கிவிடும். அப்போது அது இரண்டு தனிக் கட்டில்தான், மெல்லிய மெத்தையோடு.

எப்போது இதுவே சரி: வீட்டில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும்போது, பகலில் விளையாட தரை வேண்டும்போது, வாடகை வீட்டில் ஃபேனைத் தொட முடியாதபோது.

## இரண்டு தனிக் கட்டில்கள்

"இடமே இல்லை" என்று அளக்காமலேயே தள்ளிவிடுகிற வழி இது. ஆனால் பாருங்கள்: இரண்டு கட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் போடாமல், ஒரு மூலையில் 'ட' போலச் சேர்த்துப் போட்டால் ஒரு சுவரில் 3 அடி 3 அங்குலமும் 6 அடி 6 அங்குலமும் சேர்ந்து 9 அடி 9 அங்குலம். 10 அடி அறையில் அடங்கிவிடுகிறது! நடுவில் ஏறக்குறைய 6 அடி 9 அங்குலச் சதுரம் காலியாக இருக்கும். பிள்ளைகளுக்கு 36 அங்குல அகலம் கட்டாயமும் இல்லை. 72-க்கு 30 மெத்தை எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதில் செய்தால் 9 அடிக்குள் முடிந்துவிடும்.

தடை என்னவென்றால் கதவு. அறைக் கதவும் பாத்ரூம் கதவும் எந்தச் சுவரில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் இது அமையும். தங்கை வீட்டில் பாத்ரூம் கதவு சரியாக அந்த இடத்தில் வந்து கெடுத்தது. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வைத்துக்கொண்டால் பிள்ளைகளின் துணிக்குத் தனி அலமாரி வேண்டாம், அந்த இடமும் மிச்சம்.

எப்போது இதுவே சரி: கதவு வழிவிட்டால், எப்போதுமே. பிள்ளைகள் கல்லூரி போகும் வரை இருக்கும், பிரித்து வெவ்வேறு அறையில் போடலாம், ஊரிலிருந்து பாட்டி வந்தால் படுக்கலாம்.

## தரையில் மெத்தை

நாமெல்லாம் பாயில் வளர்ந்தவர்கள்தான். 3 வயதும் 5 வயதுமான பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான படுக்கை கிடையாது. காலையில் சுருட்டி வைத்தால் அறை முழுக்க விளையாட்டுக்கு. செலவும் மெத்தைக்கு மட்டும்தான்.

கவனிக்க வேண்டியது ஈரம். தென்னைநார் மெத்தையையோ பஞ்சு மெத்தையையோ நேராக டைல்ஸில் போட்டு நாள்கணக்கில் எடுக்காமல் விட்டால் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். அடியில் ஒரு கோரைப்பாய் போட்டு, தினமும் தூக்கி நிமிர்த்தி வைக்கவேண்டும். தரைத்தள வீடு, தோட்டம் ஒட்டிய வீடு என்றால் பூரான் பயம் உண்மையானது, அங்கே குட்டைக் கட்டில்தான் நல்லது. தினமும் விரித்துச் சுருட்டும் வேலை வீட்டில் யார் தலையில் விழும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எப்போது இதுவே சரி: சின்னவருக்கு 4 வயது ஆகும் வரை, எந்தத் தயக்கமும் இல்லாமல். இரண்டு வருடம் இதில் ஓட்டி, பிறகு பெரிய கட்டிலை யோசிப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

## மரமா, இரும்பா, தச்சரா?

தங்கை முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆணி, திருகாணி பிடித்து நிற்கும் கெட்டி மரமோ நல்ல பிளைவுட்டோ எந்தக் கட்டிலுக்கும் சரி. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பங்க் பெட் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் திருகாணி ஓட்டை பெரிதாகும், மூன்றாவது வீட்டில் கட்டில் ஆடும். இரும்பில் கரையான் வராது. ஆனால் கடலோர ஊர்களில் மூட்டுகளில் துரு பிடிக்கும், இரவில் புரண்டால் கிறீச்சிடும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்கிறவர்கள் அதிகம். அங்கே பலர் கைவசம் வைத்திருப்பது ஹாஸ்டல் கட்டிலின் அளவு, அதில் மேல் தடுப்பு பெயருக்கு ஒரு கம்பி. அது இளைஞர்களுக்கானது.

தச்சரிடம் செய்வதானால் வாயால் சொல்லி விடாதீர்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: மெத்தை கனம் 4 அங்குலம், பலகையிலிருந்து தடுப்பு 11 அங்குலம், இடுக்கு 3 அங்குலத்துக்கு மேல் கூடாது, ஏறும் வழி தவிர நாலு பக்கமும் தடுப்பு, சட்டங்கள் ஆணியில் நிற்காமல் போல்ட்-நட்டில் நிற்கவேண்டும், சுவரோடு பிடிக்க இரண்டு கிளாம்ப். படம் பார்த்து அழகாகச் செய்யும் கைகாரர்கள் கூடத் தடுப்பை அலங்காரமாக நினைத்து அரை அடியில் முடித்துவிடுவதுண்டு.

தங்கை இழுப்புக் கட்டில்தான் செய்தாள், ரப்பர் மரத்தில். ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தம்பிக்கு 6 முடிந்ததும் மறுபடி பேசலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

## ஏற்கெனவே பங்க் பெட் வாங்கிவிட்டவர்களுக்கு

கட்டிலை விற்க வேண்டியதில்லை. ஃபேனை மாற்றும் வரை மேலே யாரும் போகாதபடி ஏணியைக் கழற்றி வைத்து, அங்கே படுப்பவருக்குத் தரையில் விரியுங்கள். படிக்கட்டு வைத்த கட்டிலென்றால் அந்த அறையின் ஃபேன் சுவிட்சை எலக்ட்ரீஷியன் வரும் வரை இணைப்பு நீக்கி வையுங்கள். சில மாடல்களில் மேல் கட்டிலைத் தனியே எடுத்து இரண்டு தனிக் கட்டிலாகப் போடலாம், அடிக்கால்களில் குச்சி செருகும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். இறங்கும்போது முகம் ஏணிப் பக்கம். பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன இரவு விளக்கு. மாதம் ஒருமுறை போல்ட்டுகளை முடுக்குங்கள், அதோடு வந்த வளைந்த சாவியை ஏணியிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தால் தேட வேண்டாம்.

இன்னொன்று, இதை இன்று மாலையே போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கூடாரம் கட்டி விளையாட அம்மாவின் துப்பட்டாவையோ ஸ்கிப்பிங் கயிற்றையோ மேல் கட்டிலின் கம்பியில் முடிந்து விட்டிருப்பார்கள். தொங்கும் அந்த வளையம் கீழே விளையாடும் சின்னவனின் கழுத்து உயரத்தில் இருக்கும். அவிழ்த்து எடுத்துவிட்டு, கூடாரத்துக்கு இரண்டு நாற்காலிகளைக் கொடுங்கள்.